விடை வராத கடிதம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இயற்பியல் படிக்கும் நமக்கெல்லாம் மைக்கேல் பாரடே நன்கு அறிமுகமானவர். மின்காந்தத் தூண்டல் விதியில் வருகிறார். மின்பகுப்பு விதிகள் இரண்டிலும் வருகிறார். மின்தேக்குத் திறனை அளக்கும் பாரட் என்ற அலகிலும் முக்கால் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்து மதிப்பெண் வினாவுக்காக அவரை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் இறக்கி வைத்துவிடுகிறோம். நான் எழுத வந்தது அந்தப் பாரடேயைப் பற்றி அன்று. இருபது வயதில், கையில் பசையும் ஊசியும் நூலுமாகப் புத்தகங்களுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைப் பற்றி. தான் படித்ததைப் பேச ஓர் ஆள் கிடைக்க மாட்டானா என்று அவன் அலைந்த அலைச்சலைப் பற்றி.

விஞ்ஞானிகளின் வரலாறுகளைப் படிக்கும்போது, அவர்கள் பிறந்தது முதலே தனியறையில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு இயற்கையோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்ற எண்ணம் நமக்கு உண்டாகிவிடுகிறது. பாரடேயின் வாழ்க்கையை ஊன்றிப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. ஆய்வுக்கூடத்தில் அவர் காட்டிய துணிவைவிட, முன்பின் அறியாதவர்களின் வாசலில் போய் நின்ற துணிவே பெரிது என்று நான் நினைக்கிறேன். கருவி உடைந்தால் வேறு கருவி வாங்கலாம். ஒரு மனிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது?

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் என்னும் இடத்தில் பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் இரும்படிக்கும் கொல்லர். வடபுலத்திலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்தவர். உடல் நலிவால் பல நாள் உலைக்களத்துக்குப் போக முடியாதவர். குழந்தைகள் நால்வர், மைக்கேல் மூன்றாமவன். பிறகு குடும்பம் நகருக்குள் வந்து, குதிரை வண்டிக் கொட்டகை ஒன்றின் மாடியில் குடியிருந்தது. 1801இல் தானிய விலை ஏறியபோது, வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தார் அன்னை. ஒன்பது வயதுச் சிறுவன் அந்த ஒரு ரொட்டியை ஏழு நாளைக்கும் பங்கிட்டுத் தின்ன வேண்டும்.

பள்ளிப் படிப்பு பெயருக்குத்தான். எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டான், அவ்வளவே. அவனுக்கு ரகர ஒலி நாக்கில் வராது. ராபர்ட் என்ற தன் அண்ணன் பெயரையே அவனால் திருத்தமாகச் சொல்ல முடியவில்லையாம். ஆசிரியை சினந்து, பிரம்பு வாங்கிவரும்படி அந்த அண்ணனிடமே காசு கொடுத்து அனுப்ப, அவன் காசைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடி அன்னையிடம் சொல்ல, அன்னை இரு பிள்ளைகளையும் அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. பின்னாளில் இலண்டனிலேயே சிறந்த அறிவியல் சொற்பொழிவாளர் என்று பெயர் எடுத்தவரின் நாக்கு தொடங்கிய இடம் இது.

1804இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். செய்தித்தாளை விலைக்கு வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு வாங்கிப் படித்த காலம் அது. ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த ஆண்டு அதே கடையில் ஏழாண்டுப் பயிற்சிக்கு ஒப்பந்தம் ஆயிற்று. வழக்கமாகப் பயிற்சிக்கு வாங்கும் பணத்தை ரீபோ வாங்கவில்லை. பையனின் நல்ல நடத்தையே போதும் என்று எழுதிக்கொண்டார். இந்த ரீபோவை நாம் மறக்கக் கூடாது. பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தை வேலைக்காரப் பையன் உட்கார்ந்து படித்தால் அதட்டுகிற முதலாளிகளே மிகுதி. இவரோ படிக்க விட்டார். கடையில் சிறு சோதனைகள் செய்யவும் விட்டார்.

பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி பைண்டிங்குக்கு வந்தது. அதிலிருந்த மின்சாரம் என்ற கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அப்படியே கைக்கு வந்தது. படித்ததை அவன் அப்படியே நம்பவில்லை. ஒன்றிரண்டு பென்னி மிச்சம் பிடித்துப் பொருள்கள் வாங்கி, புத்தகம் சொல்வது உண்மையா என்று செய்து பார்த்தான். உண்மையாகத்தான் இருந்தது. அந்த மகிழ்ச்சியை யாரிடம் சொல்வது?

இந்த இடத்தை மட்டும் நான் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில் ஊருக்குப் போனால் என் புத்தகங்களை அம்மா துணியால் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அப்பா, படிப்பு எப்படிப் போகுது என்று கேட்பார். நல்லாப் போகுதுப்பா என்பேன். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அன்புக்கு அங்கே குறைவில்லை. ஆனால் ஒளியின் குறுக்கீட்டு விளைவை முதன்முதல் கண்ணால் பார்த்த அன்று எனக்கு உண்டான பரபரப்பை அந்த வீட்டில் எங்கே கொண்டுபோய் வைப்பது? பசியைப் போல இதுவும் ஒரு பசிதான். பாரடேயின் வீடும் அத்தகையதே. தந்தை 1810இல் இறந்துபோனார். தாயார் மகனிடம் உயிரையே வைத்திருந்தார். லெய்டன் சாடியைப் பற்றி அவரிடம் என்ன பேச முடியும்?

ஆகவே அவன் வெளியே தேடினான். கடைத் தெருவில் ஒரு விளம்பரத் தாள் கண்ணில் பட்டது. டேட்டம் என்னும் வெள்ளி வேலைக்காரர் தம் வீட்டில் மாலை எட்டு மணிக்கு இயற்கை விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடத்துகிறார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங் என்று அதில் கண்டிருந்தது. பயிற்சிப் பையனுக்கு ஒரு ஷில்லிங் பெருந்தொகை. அண்ணன் ராபர்ட் தந்தையைப் போலவே கொல்லர், அவர்தான் கொடுத்தார். ஒருமுறை அன்று, பலமுறை. 1810க்கும் 1811க்கும் இடையில் பன்னிரண்டு, பதின்மூன்று சொற்பொழிவுகளை மைக்கேல் கேட்டான். அன்று பிரம்புக் காசைத் தம்பிக்காகச் சுவருக்கு அப்பால் எறிந்த அதே அண்ணன், இப்போது சம்மட்டி அடித்துச் சம்பாதித்த காசைத் தம்பியின் கையில் வைத்தார். அறிவியல் வரலாற்று நூல்களில் இவருக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை.

டேட்டத்தின் வீட்டில் கூடியவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. 1808இல் தொடங்கிய அதன் பெயர் சிட்டி பிலாசபிகல் சொசைட்டி. அந்நாளில் விஞ்ஞானத்தைத் தத்துவம் என்றே வழங்கினார்கள். உறுப்பினர்கள் முப்பது நாற்பது பேர். எவரும் பெரிய இடத்துப் பிள்ளை அல்லர். புதன்கிழமைதோறும் கூடுவார்கள். ஒரு வாரம் உறுப்பினர்கள் மட்டும் உட்கார்ந்து முறை வைத்து ஒரு பொருளை எடுத்து விவாதிப்பார்கள். மறு வாரம் நண்பர்களையும் அழைத்துவரலாம். உறுப்பினருள் ஒருவர் சொற்பொழிவாற்றுவார். பட்டம் பெற்ற பேராசிரியர் ஒருவர்கூட இல்லாத பல்கலைக்கழகம் என்று இதனைச் சொல்லலாம்.

இங்கேதான் பாரடேக்குத் தோழர்கள் கிடைத்தார்கள். பெஞ்சமின் அபட் ஒரு வணிக நிலையத்தில் எழுத்தர். எட்வர்ட் மக்ராத் இன்னொருவர். ரிச்சர்ட் பிலிப்ஸ் வேதியியலில் ஈடுபாடு கொண்டவர். தோழர்கள் கிடைத்தார்கள் என்று நான் எழுதிவிட்டேன். ஆனால் அவர்கள் தாமாக வந்து கிடைக்கவில்லை. இவன் போய்க் கேட்டான். அபட் இவனைவிட நல்ல பள்ளியில் படித்தவன். பாரடேக்கோ எழுத்துப் பிழை வரும்; இலக்கணம் தடுக்கும்; எங்கே புள்ளி வைப்பது, எங்கே வாக்கியத்தை நிறுத்துவது என்பது தெரியாது. அப்படிப்பட்டவன், நாம் இருவரும் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று அபட்டிடம் கேட்டான். ஒரே ஊரில் இருந்துகொண்டு, நேரில் பார்த்துப் பேசக் கூடியவர்கள், ஏன் எழுத வேண்டும்? எழுதினால்தான் தன் குறை வெளியே வரும்; வெளியே வந்தால்தான் நண்பன் திருத்துவான். கடிதப் போக்குவரத்தும், குறிப்பேடும், கூட்டாகப் படிப்பதும் அறிவை வளர்க்கும் வழிகள் என்று ஐசக் வாட்ஸ் எழுதிய நூலொன்றில் அவன் படித்திருந்தான். நூலில் படித்ததைச் செய்து பார்ப்பதுதான் அவன் வழக்கமாயிற்றே!

1812 ஜூலையில் எழுதிய முதற் கடிதங்களில், தான் செய்த மின்கலத்தை அவன் விவரிக்கிறான். அரைப்பென்னி நாணய அளவில் வெட்டிய துத்தநாக வட்டுகள். அதே அளவில் செம்பு வட்டுகள். நடுவே உப்பு நீரில் நனைத்த தாள். ஏழு இணைகள். அதன் இரு கம்பிகளையும் மெக்னீசியம் சல்பேட்டுக் கரைசலில் இட்டதும் கரைசல் பகுபடத் தொடங்கியது. ஏழு காசளவு உலோகத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒருவன் அடையும் ஆனந்தத்தைக் கேலி செய்யாமல் கேட்க ஒருவன் இருந்தான். இருபதாண்டுகளுக்குப் பிறகு மின்பகுப்பு விதிகளை வகுத்த கை அன்று எழுதிய எழுத்து அது.

இதற்குள் வேறொரு கதவும் திறந்தது. பாரடே டேட்டத்தின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்துப் படங்களும் வரைந்து அழகாக பைண்டு செய்து வைத்திருந்தான். படம் வரையக் கற்றதும் ஒரு கதைதான். ரீபோவின் வீட்டு மாடியில் குடியிருந்த மாஸ்கெரியே என்னும் பிரெஞ்சு ஓவியரின் அறையைக் கூட்டி, அவர் காலணிகளுக்கு மெருகிட்டு, அதற்குக் கைம்மாறாகக் கற்றான். குறிப்பேடுகளைத் தம் கடைக்கு வந்தவர்களிடம் ரீபோ பெருமையோடு காட்டினார். பார்த்தவர்களுள் டான்ஸ் என்பவரின் குடும்பம் ராயல் இன்ஸ்டிடியூஷனோடு தொடர்புடையது. அதன் பயனாக, புகழின் உச்சியிலிருந்த ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகள் நான்குக்கு நுழைவுச் சீட்டுக் கிடைத்தது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் 1807இல் பிரித்துக் காட்டிய டேவி! 1812 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மண்டபத்தின் மேல்தளத்தில், கடிகாரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து பாரடே கேட்டான். பட்டும் வைரமும் அணிந்தவர்கள் கீழே. அட்டை கட்டுபவன் மேலே. கீழே இருந்தவர்களுள் எத்தனை பேர் குறிப்பெடுத்தார்களோ, அறியேன்.

பயிற்சிக் காலம் முடியும் நாள் நெருங்கியது. பைண்டிங் தொழிலிலேயே ஆயுள் போய்விடுமோ என்ற அச்சம் வந்தது. விஞ்ஞானத் துறையில் எவ்வளவு கீழான வேலையாயினும் வேண்டும் என்று, ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பாங்ஸுக்கு அவன் ஒரு கடிதம் எழுதினான். நாட்டின் விஞ்ஞானத் தலைமைப் பீடத்துக்கு ஒரு பைண்டர் எழுதிய மனு. கடிதத்தை வாயிற்காவலனிடம் கொடுத்துவிட்டு வந்தான். விடை வரவில்லை. போய்க் கேட்டான். அந்தக் கடிதத்துக்கு விடை எதுவும் இல்லை என்பதுதான் கிடைத்த விடை.

இல்லை என்று ஒரு சொல் எழுதி அனுப்பியிருந்தால்கூட ஒருவகையில் மதிப்பு. மறுப்பதற்கும் நீ தகுதியில்லாதவன் என்று சொல்வது போன்றது இந்த மௌனம். பாங்ஸின் மேல் நான் குற்றம் சுமத்தவில்லை. அவருக்கு நாள்தோறும் எத்தனை கடிதங்கள் வந்தனவோ! ஆனால் அந்த வாயிலிலிருந்து திரும்பி நடந்த இளைஞன் அன்றிரவு என்ன நினைத்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கிறேன். நம்மில் பலர் இந்த இடத்தில் நின்றிருப்போம். துறைத்தலைவர் அறைக் கதவுக்கு வெளியே, கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்று கால் மாற்றி நிற்பது நமக்குத் தெரியாதா? பாங்ஸின் வாயில் நம் துறைத்தலைவர் அறையைவிட மிகப் பெரியது.

அக்டோபரில் பயிற்சி முடிந்து வேறொரு பைண்டரிடம் கூலிக்குச் சேர்ந்தான். புதிய முதலாளி முன்கோபி. இதற்கிடையே, வெடிப்பு ஒன்றில் டேவியின் கண்ணில் காயம் பட்டது. எழுதித்தர ஆள் தேவைப்பட, சில நாட்கள் பாரடேக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அது முடிந்ததும் மீண்டும் பசைச் சட்டி. அப்போது, 1812 டிசம்பரில், அவன் இரண்டாம் முறை எழுதினான், இம்முறை டேவிக்கு. வெறுங்கடிதம் அனுப்பவில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகளை விரிவாக எழுதி, படம் வரைந்து, 300 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகத் தன் கையாலேயே பைண்டு செய்து உடன் அனுப்பினான். முதற் கடிதத்துக்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பது என் கருத்து. முதலாவது, எனக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டது. இரண்டாவது, நீங்கள் பேசியதை நான் இப்படிக் கேட்டேன் என்று காட்டியது. தன் பேச்சை இவ்வளவு கூர்ந்து கேட்டவன் ஒருவன் இருக்கிறான் என்று அறிந்தால் எந்த ஆசிரியருக்குத்தான் மனம் இளகாது?

கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் டேவி விடை எழுதினார். ஜனவரியில் சந்திப்பு. அதுவும் ஏமாற்றந்தான். வேலை காலியில்லை, விஞ்ஞானம் உழைப்பை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காத எசமானி, பைண்டிங் தொழிலையே விடாமல் பிடித்துக்கொள் என்பது டேவியின் அறிவுரை. மரம் செதுக்குபவரின் மகனாகப் பிறந்து, மருந்துக் கடைப் பையனாக இருந்து உயர்ந்தவர் டேவி. ஏறி வந்த பாதையின் முட்கள் அவருக்குத் தெரியும். கனிவோடு சொன்ன மறுப்பு அது.

சில வாரங்களில் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூட உதவியாளர் சண்டை போட்டதற்காக நீக்கப்பட்டார். டேவிக்கு அந்தக் குறிப்பு நூல் நினைவுக்கு வந்தது போலும். ஓர் இரவு, பாரடே படுக்கப் போகும் நேரத்தில், அந்த எளிய தெருவில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. ஏவலாள் இறங்கிக் கதவைத் தட்டிச் சீட்டைக் கொடுத்தான். 1813 மார்ச் 1ஆம் நாள் நியமனம்: வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறைகள், விறகும் மெழுகுவத்தியும். வேலை, குப்பி கழுவுவதில் தொடங்கியது.

அதே ஆண்டு அக்டோபரில் டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம். டேவியின் ஏவலாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட, அவன் வேலையும் பாரடேயின் தலையில் விழுந்தது. செல்வச் சீமாட்டியான டேவியின் மனைவி இவனை வேலைக்காரனாகவே நடத்தினார். பாரிசில் ஆம்பியரையும் மிலானில் முதியவர் வோல்டாவையும் பார்த்தவனுக்குத் தனித்துச் சாப்பிடும் நிலை. வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த மனக்கசப்பைக் கொட்டியது யாரிடம்? அபட்டிடந்தான். ஜெனீவாவில் தெ லா ரீவ் என்னும் விஞ்ஞானி மட்டும் இவனைத் தமக்குச் சமமானவனாக மதித்துப் பேசினார்; அந்தக் குடும்பத்தோடு நட்பு அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. 1815 ஏப்ரலில் பயணம் முடிந்தது.

இனி அவரை ‘அவர்’ என்றே சொல்ல வேண்டும். ஆயினும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக அவர் புதன்கிழமைத் தோழர்களைக் கைவிடவில்லை. 1816 ஜனவரியில் அவர் முதன்முதல் சொற்பொழிவு ஆற்றியது டேவியின் பளபளப்பான மண்டபத்தில் அன்று. அந்தச் சிறு சங்கத்தில்தான். தோழர்கள் சிலர் அவருடைய மாடி அறையில் கூடி ஒன்றாகப் படித்தார்கள். ஒருவர் உச்சரிப்பை ஒருவர் திருத்தினார்கள். மக்ராத் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக ஏழு ஆண்டுகள் பாரடேயின் மொழியைச் செப்பனிட்டார். ஏழு ஆண்டுகள்! பின்னாளில் பாரடே சொற்பொழிவாற்றும்போது, மெதுவாக என்று எழுதிய அட்டையைத் தம் கண்ணில் படும்படி வைக்கச் சொல்வாராம். தம் குறையை இன்னொருவர் கையில் கொடுத்து வைப்பதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டும்! அண்ணன் பெயரைச் சொல்ல வராத அந்த நாக்கைத் திருத்திய மக்ராத்துக்கு நாமும் கடன்பட்டவர்கள். அவர் பிற்காலத்தில் இலண்டனின் அதீனியம் மன்றத்துக்குச் செயலாளரானார். 1824இல் அம்மன்றம் தொடங்கியபோது சிறிது காலம் அப்பதவியில் இருந்தவர் பாரடேயே.

1821இல் சாரா பர்னார்டை மணந்தார். அவ்வாண்டே, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி செய்து காட்டினார். இன்றைய மின்மோட்டாரின் வித்து அது. அந்தப் புகழே வினையாயிற்று. வொல்லாஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் கருத்தை எடுத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லாமல் விட்டார் என்ற பேச்சு எழுந்தது. பாரடே வொல்லாஸ்டனையே நேரில் கண்டு விளக்கினார். ஆயினும், பாரடேயை ராயல் சொசைட்டியின் உறுப்பினராக்க வேண்டும் என்ற முன்மொழிவு வந்தபோது, அதை எதிர்த்தவர் அப்போதைய தலைவர். யார் அந்தத் தலைவர்? ஹம்ப்ரி டேவி. கதவைத் திறந்தவரே உள்கதவைச் சாத்தப் பார்த்தார். முன்மொழிவைத் தயாரித்துப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்க முன்னின்றவர் ரிச்சர்ட் பிலிப்ஸ், பழைய புதன்கிழமை நண்பர். 1824 ஜனவரி 8இல் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. டேவியைப் பற்றிப் பாரடே பிறகும் நன்றியோடுதான் பேசினார். எனக்கு அந்த அளவு பெருந்தன்மை வருமா என்பது ஐயமே.

இதன்பின் வந்தவை நம் பாடநூலில் உள்ளவை, விரைந்து சொல்கிறேன். 1825இல் பென்சீன். 1831 ஆகஸ்ட் 29இல், இரும்பு வளையத்தில் சுற்றிய இரு கம்பிச் சுருள்களில் ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கியபோதும் நிறுத்தியபோதும் மற்றதோடு இணைந்த காந்த ஊசி துடித்தது. நம் மின்நிலையங்களில் சுழலும் ஒவ்வொரு ஜெனரேட்டரும் அந்தத் துடிப்பின் வழித்தோன்றல். அந்த மகிழ்ச்சிச் செய்தியை அவர் கடிதமாக எழுதியதும் பிலிப்ஸுக்கே. 1833, 34இல் மின்பகுப்பு விதிகள். ஆனோடு, கேதோடு, அயனி போன்ற சொற்களுக்காகக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெல்லிடம் கடிதம் எழுதிக் கேட்டார். கிரேக்க மொழி தமக்குத் தெரியாது என்பதை மறைக்கவில்லை. ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கி வளர்த்தார். 1827 முதல் 1860 வரை சிறுவர்களுக்காகப் பத்தொன்பது கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடர்கள் ஆற்றினார். அன்று மேல்தளத்தில் கடிகாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் கீழே மேசைக்குப் பின்னால் நின்றார்.

இவ்வளவு புகழுக்குப் பிறகு அவருக்குத் தனிமை வந்திருக்காது என்று நினைப்போம். வந்தது. காந்தத்தைச் சுற்றியுள்ள வெளி வெறும் வெளி அன்று; அங்கே விசைக் கோடுகள் நிறைந்திருக்கின்றன; விசை கோடு வழியாகப் பரவுகிறது என்று அவர் கண்டார். இரும்புத் தூளைத் தாளில் தூவித் தட்டிப் பார்க்கும் பள்ளிச் சிறுவனுக்குக்கூட இன்று அது தெரியும். அன்றைய கணித வல்லுநர்களோ நியூட்டன் வழியில், இடையில் எதுவுமின்றித் தொலைவிலிருந்தே விசை செயற்படும் என்று நம்பினார்கள். அவர்கள் கையில் துல்லியமான சமன்பாடுகள் இருந்தன. பாரடேயிடம் ஒரு சமன்பாடுகூட இல்லை. கணிதம் அவருக்குக் கிட்டாத கனி. 1855இல் அரச வானியலாளர் ஏரி, துல்லியமான கணக்கு இருக்கும்போது இந்தத் தெளிவற்ற கோடுகளை யார் நாடுவார் என்ற கருத்துப்பட எழுதினார். அறுபது வயதைத் தாண்டி, நினைவாற்றலும் குன்றிய நிலையில், பாரடே மறுபடியும் பேச ஆளில்லாதவரானார்.

ஒருவர் முன்பே வந்திருந்தார். வில்லியம் தாம்சன் என்னும் 21 வயது இளைஞர், பின்னாளில் கெல்வின் பிரபு. 1845 ஆகஸ்டில் அவர் பாரடேக்கு எழுதிய கடிதத்தில், தளமுனைவுற்ற ஒளியின் மீது மின்விசைக்கு விளைவு உண்டா என்று கேட்டிருந்தார். பாரடே மின்சாரத்தை வைத்துச் சோதித்தார், ஒன்றும் தெரியவில்லை. காந்தத்தை வைத்தார். செப்டம்பர் 13இல், கனமான கண்ணாடிக் கட்டி ஒன்றினூடே ஒளியின் தளம் சுழன்றது. நாம் பாரடே விளைவு என்று படிப்பது ஓர் இளைஞரின் கடிதத்துக்கு அவர் அளித்த விடை.

இன்னொருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்ட 1831இல்தான் அவர் பிறந்தார். மின்சாரத்தைப் பற்றிக் கணிதவியலார் எழுதியதைத் தொடும் முன், பாரடேயின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை முழுதும் படித்துவிடுவது என்று உறுதி செய்துகொண்டவர். சமன்பாடு இல்லாத அந்தப் பக்கங்களில் கணிதம் ஒளிந்திருப்பதை அவர் கண்டார். ‘பாரடேயின் விசைக் கோடுகள்’ என்ற தம் கட்டுரையை 1857இல் பாரடேக்கு அனுப்பிவைத்தார். இப்போது வாசலில் நின்று தட்டியவர் 25 வயது மாக்ஸ்வெல். உள்ளே இருந்தவர் 65 வயதுப் பாரடே. மார்ச் 25ஆம் நாளே விடை எழுதினார். தம் எளிய கோடுகளின்மேல் இவ்வளவு கணிதம் வந்து இறங்கியதைக் கண்டு முதலில் அஞ்சியதாகவும், அவை தாங்கி நின்றதைக் கண்டு வியந்ததாகவும் அதில் மனம் திறந்தார்.

அவ்வாண்டு நவம்பரில், அபர்டீனில் பேராசிரியராயிருந்த மாக்ஸ்வெல்லுக்குப் பாரடே இன்னொரு கடிதம் எழுதினார். ராயல் சொசைட்டியின் மிக உயர்ந்த பதக்கங்களைப் பெற்றுவிட்டவர், ஐரோப்பா முழுவதும் பெயர் அறிந்த முதியவர், அந்த இளம் பேராசிரியரிடம் அதில் ஒன்று கேட்டார். கணிதவியலார் தம் கணக்கின் வழியே ஒரு முடிவுக்கு வந்தபின், அதைத் தம் குறியீடுகளிலிருந்து சாதாரண மொழியில் பெயர்த்துத் தரலாகாதா? அப்படித் தந்தால் தம்மைப் போன்றவர்களும் அதைச் சோதனையால் பரிசோதிக்கலாமே? மாக்ஸ்வெல் தமக்குச் சொல்லும்போது எல்லாம் தெளிவாகப் புரிகிறது; ஆகவே அது முடியும் என்றே நினைப்பதாகவும் எழுதினார். கடிதத்தில் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 66.